ரோடு சைக்கிளுக்கு ஹெல்மெட் வாங்குவது: அளவெடுப்பதிலிருந்து தூக்கிப் போடுவது வரை

ரோடு பைக் வாங்கிய கையோடு ஹெல்மெட் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் வரிசை அநேகமாக ஒன்றுதான்: சைக்கிளுக்குத் தோதான நிறம் இருக்கிறதா, எடை எவ்வளவு, என்ன விலை. தலையில் வைத்துப் பார்ப்பது கடைசி அரை நிமிடம். ஒரு மாதம் கழித்து இசிஆரில் பார்த்தால் அதே ஹெல்மெட் முட்டுக்காடு தாண்டியதும் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருக்கும். கேட்டால், "நெத்தி வலிக்குதுண்ணா" என்பார்கள்.

வரிசையைத் திருப்பிப் போட்டாலே முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும். முதலில் தலை, அப்புறம் முத்திரை, அப்புறம் பொருத்தம். காற்று, எடை, விலை, நிறம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். குனிந்து ஓட்டும் டிராப் ஹேண்டில்பார் சைக்கிளை மனதில் வைத்து எழுதியது இது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் 5ஆம் படியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

கடைக்குப் போகுமுன்

தையல்காரர் டேப் ஒன்று வேண்டும். இல்லையென்றால் ஒரு நூலும் ஸ்கேலும் போதும். ஓட்டும்போது போடுகிற கண்ணாடி, அது பவர் கண்ணாடியோ கூலிங் கிளாஸோ, கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள் தொப்பி போடுகிற பழக்கமோ தலைத்துணி கட்டுகிற பழக்கமோ இருந்தால் அதுவும் வேண்டும். இவை ஒவ்வொன்றும் பொருத்தத்தை மாற்றிவிடும்.

முடியைப் பற்றிக் கடையில் யாரும் சொல்வதில்லை. நீளமான முடி இருந்தால், ஓட்டும்போது எப்படிக் கட்டுவீர்களோ அப்படியே கட்டிக்கொண்டு போங்கள். உச்சிக் கொண்டைமேல் எந்த ஹெல்மெட்டும் உட்காராது. பின்னல் கழுத்தை ஒட்டித் தாழத் தொடங்கினால்தான் ஹெல்மெட்டின் பின்பிடி, அதாவது பின்மண்டையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை, மண்டையில் படியும். தலைக்கு எண்ணெய் வைத்த அன்று போகாதீர்கள். எண்ணெய்த் தலையில் ஹெல்மெட் வழுக்கும். சரியான அளவுகூடப் பெரிதாகத் தோன்றும்.

சனி, ஞாயிறு மாலைகளைத் தவிர்த்துவிடுங்கள். ஹெல்மெட்டைப் போட்டபடி கால் மணி நேரம் கடைக்குள் சுற்ற வேண்டிய படி ஒன்று இருக்கிறது. கூட்ட நேரத்தில் அதற்குக் கடைக்காரருக்கும் பொறுமை இருக்காது, உங்களுக்கும் கூச்சமாக இருக்கும்.

1. தலையின் சுற்றளவை எடுங்கள்

புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலம் விட்டு டேப்பை வையுங்கள். அங்கிருந்து காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையில் அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். இறுக்கவும் வேண்டாம், தொங்கவிடவும் வேண்டாம். மூன்று முறை எடுத்து, பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். டேப் பின்னால் புடைப்புக்குக் கீழே நழுவினால் எண் குறைந்துவிடும். தனியாக அளக்கிறவர்களுக்கு அதுதான் அடிக்கடி நடக்கிறது.

எஸ், எம், எல் என்ற எழுத்துகளை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். ஒரு கம்பெனியின் எம் 52 செ.மீ.யில் தொடங்கி 58இல் முடியும். இன்னொன்றின் எம் 55 முதல் 59 வரை இருக்கும். பெட்டியிலும் ஹெல்மெட்டின் உள்ளேயும் செ.மீ. கணக்கு அச்சிட்டிருப்பார்கள். உங்கள் எண் அதற்குள் வருகிறதா என்று அங்கே பாருங்கள்.

இரண்டு அளவுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் சிறியதை முதலில் போட்டுப் பாருங்கள். அது எங்கும் அழுத்தவில்லையென்றால் அதுவே சரி. அளவில் பெரிய ஹெல்மெட்டைப் பின்னால் உள்ள டயலைத் திருகி இறுக்கிவிடலாம் என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலாவது. திருகு இறுக்குவது பின்பிடியை மட்டும்தான். பக்கவாட்டிலும் உச்சியிலும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். அடி விழும்போது ஹெல்மெட் புரண்டுவிடும்.

2. தலையின் வடிவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

57 செ.மீ. உள்ள இரண்டு பேர் ஒரே ஹெல்மெட்டைப் போட்டால் ஒருவருக்குக் கச்சிதமாக இருக்கும், மற்றவருக்கு அரை மணி நேரத்தில் தலைவலி வரும். காரணம் வடிவம். சிலருக்கு மேலிருந்து பார்த்தால் தலை வட்டமாக இருக்கும், சிலருக்கு முன்பின்னாக நீண்டிருக்கும். முடியை நனைத்துப் படிய வாரிக்கொண்டு, வீட்டில் யாரையாவது நேர் மேலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அதுவே போதும்.

போட்டோ இல்லாவிட்டால் ஹெல்மெட்டே சொல்லிவிடும். நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்தி, காதுக்கு மேலே விரல் நுழையும் அளவு இடம் இருந்தால் உங்கள் தலை நீளம், ஹெல்மெட் வட்டம். பொட்டில் இடித்து, முன்னும் பின்னும் காலியாக இருந்தால் தலை வட்டம், ஹெல்மெட் நீளம். இரண்டுக்கும் உள்ளே இருக்கும் பேடை (மெத்தை) மாற்றுவது தீர்வல்ல. உள்ளே கெட்டியான நுரையின் வடிவம் மாறாது. வேறு மாடலுக்கோ வேறு கம்பெனிக்கோ போக வேண்டியதுதான்.

சில கம்பெனிகள் பக்கவாட்டில் அகலம் கூட்டி "ஏஷியன் ஃபிட்" என்று விற்கின்றன. நாமும் ஆசியாதானே என்று வாங்கிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் கிழக்காசியத் தலைகளை வைத்துச் செய்தவை. உங்களுக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

3. உள்ளே ஒட்டியிருக்கும் முத்திரையைப் படியுங்கள்

அளவும் வடிவமும் ஓரளவு ஒத்துவரும் இரண்டு மூன்றை எடுத்து வைத்த பிறகு, ஒவ்வொன்றையும் கவிழ்த்து உள்ளே பாருங்கள். ஈஎன் 1078 என்ற எண்ணையோ, சிபிஎஸ்சி 1203 என்பதையோ தேட வேண்டும். முதலாவது ஐரோப்பியத் தரம், இரண்டாவது அமெரிக்கத் தரம். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். வெறும் சிஇ என்ற இரண்டு எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். ஈஎன் எண்ணும் சேர்ந்து இருக்க வேண்டும்.

ஈஎன் 1078 முத்திரையில் கம்பெனி பெயர், மாடல், தலைச் சுற்றளவு செ.மீ.யில், எடை கிராமில், தயாரித்த ஆண்டும் காலாண்டும் எழுதியிருக்க வேண்டும். போலிகள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். பிரபல கம்பெனியின் பெயர் வெளியே பளபளக்கும். உள்ளே தேதி இருக்காது, எடை இருக்காது, அல்லது ஸ்டிக்கரே இருக்காது. இருபதாயிரம் ரூபாய் ஹெல்மெட் இணையத்தில் இரண்டாயிரத்துக்குக் கிடைக்கிறது என்றால் கேள்வியே வேண்டாம், போலிதான். அதே இரண்டாயிரத்துக்குள் முத்திரையோடு அசல் ஹெல்மெட் சாதாரண விளையாட்டுக் கடையிலேயே கிடைக்கும்.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லையே என்று சிலர் தயங்குகிறார்கள். நாம் பார்த்துப் பழகிய ஐஎஸ் 4151 மோட்டார் வண்டி ஓட்டுகிறவர்களின் ஹெல்மெட்டுக்கானது. அதைச் சைக்கிள் ஹெல்மெட்டில் தேட வேண்டாம். சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்புவதும் கூடாது. சட்டப்படியும் செல்லாது, பாதுகாப்பும் போதாது. "வீட்டில் இருக்கிற பைக் ஹெல்மெட்டையே சைக்கிளுக்குப் போட்டால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. ஒரு கிலோவுக்கு மேல் எடை, காற்று வராது, காது அடைத்துவிடும். நம் வெயிலில் மிதித்தபடி பத்து கிலோமீட்டர் தாங்காது. கழற்றித்தான் வைப்பீர்கள்.

இந்த முத்திரைக்குப் பின்னால் என்ன சோதனை நடக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். உள்ளே தலை போன்ற ஒரு பொம்மையைப் பொருத்தி, ஹெல்மெட்டை இரும்பு மேடைமேல் விழ விடுவார்கள். ஈஎன் 1078இல் தட்டையான மேடையில் மோதும் வேகம் நொடிக்கு 5.42 மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. அப்போது பொம்மைத் தலை உணரும் அதிர்ச்சி, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. சிபிஎஸ்சியில் விழும் உயரம் இரண்டு மீட்டர், வரம்பு 300 மடங்கு.

"நான் முப்பத்தைந்தில் போகிறேன், இது மணிக்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லையே" என்று கணக்குப் போடுவார்கள். சறுக்கி விழும்போது தலை தரையை மோதும் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தலை இருந்த உயரம். முன்னோக்கிய வேகத்தில் பெரும்பகுதி உரசலாகவும் புரளலாகவும் போகும். அதனால் சோதனை அர்த்தமுள்ளதுதான். ஆனால் சுவரிலோ லாரியிலோ நேராக மோதினால் கதை வேறு. அதற்காகச் செய்த பொருள் அல்ல இது.

4. வாரைப் போடாமல் தலையில் வையுங்கள்

பின்னால் உள்ள டயலை முழுவதும் தளர்த்துங்கள். ஹெல்மெட்டை நெற்றியிலிருந்து பின்னோக்கி இறக்குங்கள். முன் விளிம்புக்கும் புருவத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. பக்கத்திலிருந்து யாராவது பார்த்தால் ஹெல்மெட் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். கிரிக்கெட் தொப்பியைப் போல் பின்னால் தள்ளிப் போடுவதுதான் சாலையில் நான் அதிகம் பார்க்கும் தவறு. முன்பக்கமாக விழும்போது முதலில் தரையைத் தொடும் நெற்றி அப்போது வெறுமனே இருக்கும்.

இனி டயலை மெதுவாகத் திருகுங்கள். தாடை வார் தொங்கட்டும், பூட்ட வேண்டாம். தலையைக் குனிந்து இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் விழாமல் நிற்க வேண்டும். கையால் பிடித்து லேசாக அசைத்தால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். தோல் அப்படியே இருக்க ஹெல்மெட் மட்டும் நகர்ந்தால் பெரிது.

வாரைப் போடாமல் இதைச் செய்வதற்குக் காரணம் உண்டு. தாடை வாரை இறுக்கினால் எந்த ஹெல்மெட்டும் பொருந்துவதைப் போலத் தோன்றும். அளவின் குறையை வார் மறைத்துவிடும்.

டயல் எங்கே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். ஏறக்குறைய நடுவில் பிடித்தால் நல்லது. கடைசி வரை திருகினால்தான் பிடிக்கிறது என்றால் ஒரு அளவு கீழே போங்கள்.

பல ஹெல்மெட்களில் பின்பிடியை மேலும் கீழும் நகர்த்த மூன்று நான்கு பள்ளங்கள் இருக்கும். வாங்கி ஒரு வருடம் ஆனவர்களுக்குக்கூட இது தெரிவதில்லை. உள்ளே விரலை விட்டால், பின்பிடி நுரையோடு சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் முனை தட்டுப்படும். அதை அழுத்தி எடுத்து அடுத்த பள்ளத்தில் பதிக்கலாம். பின்மண்டைப் புடைப்புக்குக் கீழே பிடி உட்கார வேண்டும். புடைப்பின் மேலேயே உட்கார்ந்தால் ஹெல்மெட் மேலே நழுவும், டயலை எவ்வளவு திருகினாலும் நிற்காது.

5. ஓட்டும் நிலையில் பாருங்கள், கால் மணி நேரம் கழற்றாதீர்கள்

கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்த்து வாங்குவது ரோடு பைக்குக்குப் போதாது. ஓட்டும்போது முதுகு சாய்ந்திருக்கும், முகம் மட்டும் நிமிர்ந்திருக்கும். அப்போது ஹெல்மெட்டின் பின்விளிம்பு கழுத்தை நெருங்கும், முன்விளிம்பு பார்வைக்குள் இறங்கும். கடையில் சைக்கிள் இருந்தால் அனுமதி கேட்டு அதன்மேல் உட்காருங்கள். இல்லாவிட்டால் மேஜைமேல் முழங்கையை ஊன்றிக் குனிந்து, எதிர்ச் சுவரைப் பாருங்கள்.

மூன்று விஷயங்கள். முன்விளிம்பு சாலையை மறைக்கிறதா? மறைத்தால் ஓட்டும்போது நீங்களே அறியாமல் ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளிவிடுவீர்கள். நெற்றி வெளியே வந்துவிடும். முன்னால் குடை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மாடல்கள் மலைப்பாதை சைக்கிளுக்கானவை. ரோடு பைக்கில் அந்தக் குடை நேரே கண்ணை மறைக்கும். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் வேறு எடுங்கள். அடுத்து, டயல் கழுத்தில் இடிக்கிறதா? பையில் உள்ள கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள், அதன் கால்கள் பின்பிடியில் மோதுகின்றனவா? மோதினால் ஒவ்வொரு குழிக்கும் கண்ணாடி மூக்கிலிருந்து எகிறும்.

இனி ஹெல்மெட்டைப் போட்டபடியே கடையைச் சுற்றுங்கள். டியூப், பம்ப், பாட்டில் எல்லாம் பாருங்கள். கால் மணி நேரம் கழித்துக் கழற்றிக் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். பேட் இருந்த இடம் முழுவதும் லேசாகப் பரவலாகச் சிவந்திருந்தால் பரவாயில்லை. ஓரிடத்தில் மட்டும் காசு அளவுக்குச் சிவப்பு விழுந்திருந்தால் அது அழுத்தும் புள்ளி. இரண்டு மணி நேர ஓட்டத்தில் அந்தப் புள்ளி தலைவலியாக மாறும். "போகப் போகப் பழகிடும்" என்பார்கள். நுரை பழகாது.

6. வார்: பக்கம் முதலில், தாடை கடைசியில்

இதை வாங்குவதற்கு முன்பே கடையில் செய்ய வேண்டும். சில ஹெல்மெட்களின் வார் உங்கள் முகத்துக்கு எட்டாமலோ காதில் உரசிக்கொண்டோ இருக்கும். வீட்டுக்கு வந்து தெரிந்தால் திரும்பப் போக வேண்டும்.

ஒவ்வொரு பக்கமும் இரண்டு வார் இறங்குகிறது, ஒன்று காதுக்கு முன்னால், ஒன்று பின்னால். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அது காது மடலுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். பூட்டைத் திறந்து துண்டை மேலும் கீழும் நகர்த்துங்கள். முன் வார் ஏறக்குறைய நேராக இறங்கட்டும், பின் வாரில் தொய்வு இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் வந்ததும் பூட்டுங்கள். சில மாடல்களில் இந்தத் துண்டை நகர்த்த முடியாது. காது உரசாமல் இருந்தால் அது குறையல்ல.

அப்புறம்தான் தாடை. பக்கிளைப் போட்டு, வாருக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். பெரிதாகக் கொட்டாவி விடுங்கள். ஹெல்மெட் உச்சியை லேசாக அழுத்திக் கீழே இழுக்க வேண்டும். இழுக்கவில்லையென்றால் இன்னும் தளர்வாக இருக்கிறது. எச்சில் விழுங்கவே சிரமம் என்றால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள்.

தாடையை முதலில் இறுக்கினால் பக்கத் துண்டு கீழே இழுபட்டுவிடும். அதைச் சரிசெய்யப் போனால் தாடை தளரும். இந்த வட்டத்தில் பத்து நிமிடம் சுற்றி வெறுத்துப்போய், வாரைத் தொங்கவிட்டபடி கிளம்புகிறவர்கள் நிறைய. மீந்த வாரை வெட்டிவிடாதீர்கள். சுருட்டி, அதோடு வரும் ரப்பர் வளையத்தில் செருகுங்கள். காற்றில் கன்னத்தில் படபடவென்று அடிப்பதும் நின்றுவிடும், பிற்பாடு தொப்பி போட வேண்டியிருந்தால் தளர்த்தவும் நீளம் இருக்கும்.

7. தள்ளிப் பாருங்கள்

எல்லாம் முடிந்ததும் உள்ளங்கையை ஹெல்மெட்டின் முன்விளிம்புக்குக் கீழே வைத்து மேலும் பின்னுமாகத் தள்ளுங்கள். நெற்றி வெளியே தெரிந்தால் முன் வாரைக் குறைக்க வேண்டும். பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்குங்கள். கண்ணை மறைத்தால் பின் வாரில் தொய்வு இருக்கிறது. வாரைச் சரிசெய்தும் உருண்டால் அளவே தவறு, 1ஆம் படிக்குத் திரும்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் குழு ஓட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் கிளம்பும் முன் இதை நான் செய்து பார்ப்பதுண்டு. போன வாரம் ஒரு தம்பி, விலை உயர்ந்த ஹெல்மெட், எல்லாம் டிப்டாப். பின்னாலிருந்து இரண்டு விரலால் நெம்பியதும் அது உருண்டு மூக்கில் வந்து நின்றது, பக்கிள் போட்டிருந்தும். "டயல் டைட்டாத்தான் இருக்குண்ணா" என்றார். டயல் இறுக்கமாகத்தான் இருந்தது. பின் வார்தான் காதுக்குக் கீழே தொட்டில் கட்டியிருந்தது. இரண்டு பக்கத் துண்டுகளையும் மேலே ஏற்றிப் பூட்டி, பின் வாரின் தொய்வை எடுத்து, தாடையை மறுபடி இறுக்கியதும் நின்றது. ஐந்து நிமிட வேலை.

8. மிப்ஸ், காற்று, எடை, விலை: இந்த வரிசையில்

இவ்வளவும் தேறிய ஹெல்மெட்கள் ஒன்றுக்கு மேல் கையில் இருந்தால்தான் இந்தப் படியே தேவை. ஒன்று மட்டும் தேறினால் அதை வாங்கிவிடுங்கள்.

மிப்ஸ் என்பது ஹெல்மெட்டின் உள்ளே, பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் அடுக்கு. ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமின் கேடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது. நிஜத்தில் தலை தரையை நேராக மோதுவதைவிடச் சாய்வாக மோதுவதே அதிகம். அப்போது தலை சட்டென்று சுழல்கிறது, அந்தச் சுழற்சி மூளையைப் பாதிக்கிறது. மிப்ஸ் அடுக்கு 10 முதல் 15 மி.மீ. வரை நழுவிக்கொடுத்து, சுழற்சியில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். 3ஆம் படியில் சொன்ன ஈஎன் 1078 சோதனை இந்தச் சாய்வு மோதலை அளப்பதில்லை. அதனால், பையில் கூடுதலாகப் பணம் இருந்தால் முதலில் அதை இங்கே போடச் சொல்வேன். ஒரு குறை உண்டு: அடுக்குக்கும் நுரைக்கும் நடுவே நீளமான முடி மாட்டி இழுக்கும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் சாய்வு மோதலையும் சேர்த்துச் சோதித்து, ஹெல்மெட்களுக்கு ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கிறது. பட்டியலை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். விலை குறைந்த சில ஹெல்மெட்கள் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன, பல மடங்கு விலையுள்ள சில அவற்றுக்குப் பின்னால் நிற்கின்றன. கூடுதல் விலை பெரும்பாலும் எடைக் குறைப்புக்கும் காற்றை வெட்டும் வடிவத்துக்கும்தான் போகிறது.

காற்று நமக்கு மிப்ஸுக்கு அடுத்த முக்கியம். துளைகளின் எண்ணிக்கையை எண்ண வேண்டாம். ஹெல்மெட்டைத் தூக்கி முன்னாலிருந்து உள்ளே பாருங்கள்: முன் துளையில் நுழையும் காற்று மண்டையை ஒட்டி ஓடிப் பின் துளையில் வெளியேற, நுரையில் ஆழமான வாய்க்கால் வெட்டியிருக்கிறார்களா? வாய்க்கால் இல்லாத துளை வெறும் ஓட்டைதான். முன்னால் பூச்சி வலை இருந்தால் நல்லது. விடியற்காலையில் வயல் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏரோ ஹெல்மெட் என்று மூடிய ஓடு போல வருபவை பந்தயக்காரர்களுக்கு. சென்னைப் புழுக்கத்தில் சராசரி 25இல் ஓட்டுகிறவருக்கு அதில் மிச்சமாகும் நேரத்தைவிட வழியும் வேர்வை அதிகம்.

எடைக்கு அலைய வேண்டாம். 300 கிராமுக்கும் 250 கிராமுக்கும் உள்ள வித்தியாசம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் தெரியாது. 200 கி.மீ. பிரெவேயில் (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்), அதற்கான பதின்மூன்றரை மணி நேரமும் தலையில் இருந்தால் கழுத்துக்குத் தெரியலாம். அந்த ஓட்டங்களில் ஹெல்மெட் கட்டாயம். கழற்றி வைக்கவும் முடியாது.

நிறம்? வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு ஏதாவது எடுங்கள். ஐந்து மணி இருட்டில் பின்னால் வரும் பஸ் டிரைவருக்குக் கறுப்பு தெரியாது.

9. இணையத்தில் வாங்கினால்

திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதை முதலில் படியுங்கள். பெட்டி வந்ததும் அட்டையைக் கழற்றாமல், ஸ்டிக்கரை உரிக்காமல், 3 முதல் 7 வரையான படிகளை வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். வெளியே ஒரு சுற்று ஓட்டிவிட்டால் வேர்வை பேடில் இறங்கும்; திருப்பித் தருவது கஷ்டம். இரண்டாம் கை ஹெல்மெட்டை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அது ஏற்கெனவே விழுந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

10. முதல் சில ஓட்டங்கள், அப்புறம் பராமரிப்பு

வார் புதிதில் வேர்வையில் நனைந்து கொஞ்சம் தளரும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு 6ஆம் படியை மறுபடி செய்யுங்கள். முடி வெட்டிக்கொண்டாலும் தொப்பியை மாற்றினாலும் இதேதான். கண்ணாடியின் கால்களை வாருக்கு வெளியே விடுங்கள். வாருக்கு உள்ளே மாட்டினால், விழும்போது கண்ணாடி முகத்தை விட்டுப் போகாது.

வேர்வை கண்ணில் சொட்டினால் ஹெல்மெட்டைக் குறை சொல்லுமுன் நெற்றிப் பேடை அழுத்திப் பாருங்கள். பிழியும் அளவுக்கு ஊறியிருந்தால் அது நிரம்பி வழிகிறது. டீக்கடையில் நிற்கும்போது ஒரு முறை பிழிந்துவிட்டால் திரும்பி வரும்வரை தாங்கும். வீட்டுக்கு வந்ததும் பேடைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். வாரையும் அலச வேண்டும். உப்பு படிந்த வார் விறைத்துத் தாடையை அறுக்கும்.

ஹெல்மெட்டின் வெளி ஓட்டைத் துடைக்கத் தண்ணீரும் மிதமான சோப்பும் மட்டும். பெட்ரோல், தின்னர், ஸ்பிரே பெயின்ட் படக் கூடாது. உள்ளே இருப்பது தெர்மாகோல் வகை. பெட்டியில் அடைத்து வருவதைவிடக் கெட்டியானது, அவ்வளவுதான். பெட்ரோல் பட்ட தெர்மாகோல் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் வெயிலில் மூடிய காருக்குள் விட்டுப் போவதும் கெடுதல். நுரை சூட்டில் உப்பி ஓட்டிலிருந்து விலகும்.

11. எப்போது தூக்கிப் போடுவது

தலை தரையில் பட்ட விழுகை ஒன்று போதும். வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அந்த ஹெல்மெட் முடிந்தது. நுரை நசுங்கித்தான் அதிர்ச்சியை வாங்குகிறது. நசுங்கிய நுரை பழைய நிலைக்கு வராது. அதே இடத்தில் அடுத்த அடி விழுந்தால் வாங்கிக்கொள்ள எதுவும் மிச்சமிருக்காது. விரிசல் பெரும்பாலும் ஓட்டுக்கும் நுரைக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். "சின்ன விழுகைதானே" என்று மனசு சமாதானம் சொல்லும். கேட்காதீர்கள்.

மேஜையிலிருந்து வெறும் ஹெல்மெட் கீழே விழுந்தால் பதற வேண்டாம். உள்ளே தலையின் எடை இல்லாததால் மோதலின் விசை குறைவு. பேடைக் கழற்றி, வெளிச்சத்தில் நுரையைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் உள்ளங்கையால் லேசாக அழுத்தி ஏதாவது முறுமுறுக்கிறதா என்று கேளுங்கள். விரிசலும் சத்தமும் இல்லையென்றால் தொடர்ந்து போடலாம்.

விழாமலே பழசானால்? பல கம்பெனிகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் என்கின்றன. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அதாவது சிபிஎஸ்சி, ஐந்து முதல் பத்து ஆண்டுகள் என்கிறது. நம் வெயிலும் வேர்வையும் உப்புக்காற்றும் பார்த்தால் வாரத்துக்கு நாலு நாள் ஓட்டுகிறவர் ஐந்தாம் ஆண்டில் மாற்றிவிடலாம். எப்போதாவது எடுக்கிறவருக்கு அவசரமில்லை. வார் நைந்தாலோ, பக்கிளில் விரிசல் விட்டாலோ, டயல் பல் வழுக்கினாலோ ஆண்டுக் கணக்குப் பார்க்க வேண்டாம். உள்ளே அச்சிட்ட தயாரிப்புத் தேதியை ஒரு போட்டோ எடுத்து, பில்லோடு போனில் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த ஹெல்மெட்டுக்குப் பதிலாகச் சலுகை விலையில் புதியது தரும் கம்பெனிகள் பில்லைத்தான் முதலில் கேட்கும்.

தூக்கிப் போடும் முன் கத்தரிக்கோலால் வார்களை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் குப்பையிலிருந்து நல்ல ஹெல்மெட் என்று யாராவது எடுத்துத் தன் பிள்ளைக்குப் போட்டுவிடுவார்.